இடது முன் டயர்

காலை ஐந்தே முக்கால். காசிமேட்டில்
ஐஸ் கம்பெனிக்கு எதிரே வண்டியை நிறுத்தி
ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன்.
சக்கரம் முகத்தைத் திருப்பியது.
அப்போதுதான் பார்த்தேன் அதன் உள்பக்கத்தை.

வெளியே பட்டன் எல்லாம் திடமாக இருக்கிறது,
இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும்.
உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை,
கம்பி தெரிய நூலளவு பாக்கி.
கையை வைத்துத் தடவினேன்:
உள்ளிருந்து வெளியே வந்தால் வழவழ,
வெளியிலிருந்து உள்ளே போனால் ரம்பம்.

வாங்கிப் பதினோரு மாதம்.
ஜோடி பதினேழாயிரம், தவணை இன்னும் மூன்று.

என் மூத்த மகளைவிட
நாலு வயது மூத்தது இந்த மஹிந்திரா.
கதவை மூட ஒரு தனி வித்தை.
ஹாரன் மழையில் மட்டும் தானாக அடிக்கும்.
ஆனால் மணலில், நாலும் பிடித்துக்கொண்டால்,
ஒரு டன் ஐஸோடு கரையேறும்.

புதுப்பேட்டையில் தஸ்தகீர்
வண்டிக்கடியில் அட்டையை விரித்துப் படுத்தார்.
டை ராடைப் பிடித்து ஆட்டினார்.
லொடக். லொடக்.
"ரெண்டும் கால்விரலை வெளியே விரிச்சிக்கினு நிக்குது ரெஜினாம்மா.
உருளல. தேய்ச்சிக்கினு போவுது."
எண்டு மாத்தலாம், கிங் பின்னும் பாத்துடலாம் என்றார்.
பிறகு அடியிலிருந்து முகம் தெரியாமலே கேட்டார்:
"இது மட்டும் இவ்ளோ தின்னாது.
தார் ரோட்ல யாரு ஃபோர் வீல் போட்டு ஓட்றது?"

யாரும் இல்லை என்றேன்.

பகலில் நான். இரவில் கொழுந்தன் பெஞ்சமின்.
என் வீட்டுக்காரர் போட்டில் போனால் பன்னிரண்டு நாள்,
அவருக்கு லீவர் எந்தப் பக்கம் என்றே தெரியாது.

போன ஆவணியில் நெட்டுக்குப்பத்து மணலில்
பெஞ்சமின் அச்சுவரை இறங்கிவிட்டான்.
லீவரைப் போட மறந்துவிட்டான், அவ்வளவுதான்.
ஐஸ் உருகி மணல் குடித்தது.
ஏலம் எடுக்க வந்தவர்கள் கூடைமேல் உட்கார்ந்து சிரித்தார்கள்.
டிராக்டர்காரன் எண்ணூறு வாங்கிக்கொண்டு
போனில் படம் வேறு எடுத்தான்.

மணல் கணக்குப் பார்க்காது.
முன் சக்கரம் கூடச் சுற்றினாலும்
பின்னது குறைச்சுச் சுற்றினாலும்
கொஞ்சம் வழுக்கிக்கொடுத்து விட்டுவிடும்.
தார் பைசா விடாது.
வளைவில் முன்னது பெரிய வட்டம் போகும்,
பின்னது குறுக்கே அறுக்கும்.
நாலையும் ஒரே எண்ணிக்கையில் பூட்டிவிட்டால்
இடையில் விழும் வித்தியாசத்தை
ரப்பர்தான் கட்ட வேண்டும்.
எண்ணூர் ரோட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும்,
கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கும் ஒவ்வொரு ஒதுங்கலிலும்
கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருக்கிறது.

மூவாயிரத்து இருநூறு தஸ்தகீருக்கு.
பின் டயர்கள் முன்னால் வந்தன.
மொட்டையை என்ன செய்ய என்று கேட்டார்,
போடுங்க பின்னாடி என்றேன்.
ஜெட்டிக்காரர்கள் கேட்டு வாங்கிப் போய்
போட்டு இடிக்காமல் இருக்கக் கட்டித் தொங்கவிட்டார்கள்.
நல்ல பக்கம் கடலைப் பார்த்து.

இரவு எட்டரைக்குச் சாவி கொடுக்கும்போது
சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.
ராயபுரம் பாலத்திலிருந்து அதைச் செதுக்கிக்கொண்டே வந்தேன்.
பெஞ்சமின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு
டயரைக் குனிந்து பார்த்தான்.
"இன்னாச்சு அண்ணி?"

"எண்டு போயிருந்துச்சி."

அதுவும் பொய்யில்லை.

விடிகாலையில் வண்டி வந்து நின்றது.
மீன் செதில் ஒட்டிய சீட்,
அவன் விட்டுப்போன டீ கப்,
லீவர் நாலில்.

இரண்டுக்குத் தள்ளினேன். வரவில்லை.
ராத்திரி முழுக்க முறுக்கேறிய அச்சு
பல்லோடு பல் கடித்துக்கொண்டு நிற்கிறது.
அடித்தால் உடையும். ஓங்கி உதைத்தாலும் அசையாது.
ரிவர்ஸ் போட்டு
பத்தடி, மெதுவாக,
பின்னால் விட்டேன்.

டக்கென்று
தானாகக் கழன்று கைக்கு வந்தது.